ஐந்து வாட்டே அதிகம்

குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ எலெக்ட்ரிக் கிதார் கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு வீட்டில் வாங்கித் தரும் முதல் ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலும் ஒரே ரகமாகத்தான் இருக்கும். பத்து அல்லது பதினைந்து வாட், ஒரு கையால் தூக்கிவிடலாம், உள்ளே டிரான்சிஸ்டர்கள் அடங்கிய, விரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு. ஸ்விட்சைப் போட்ட நொடியில் பேசும், மாடிப்படியில் உருண்டாலும் உழைக்கும். பிறகு பிள்ளை கல்லூரிக்குப் போகிறது. கிழக்குத் தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் விழாவிலோ, ஐஐடியின் சாரங் விழாவிலோ மேடை ஓரமாக நின்று கேட்கிறது. அன்றிலிருந்து டியூப் ஆம்ப், அதாவது வால்வு ஆம்ப், வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொள்கிறது. அதன் விலை பல மடங்கு. எடையோ, மூன்றாவது மாடிக்குத் தூக்கிப்போக இன்னொரு ஆள் வேண்டும். சூடேறக் காத்திருக்க வேண்டும், சில வருஷத்தில் குழாய்களை மாற்றவும் வேண்டும்.

வால்வு ரேடியோவை ஐம்பது வருஷத்துக்கு முன்பே பரணில் ஏற்றிவிட்டோம். கிதார் வாசிக்கிறவர்கள் மட்டும் ஏன் இன்னும் அதை விடவில்லை? பழமை மோகம், பெரிய கலைஞர்களைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்வது என்று சொல்லித் தள்ளிவிடலாம். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் அடியில் நல்ல இயற்பியல் ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கத் தம்புரா போதும்.

1921இல் சி.வி. ராமன் இந்தியத் தந்தி வாத்தியங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசைவில்லாமல் நிற்க வேண்டிய மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது ஐரோப்பிய இயற்பியலில் பழைய விதி. தம்புராவிலும் வீணையிலும் அந்த மேற்சுரங்கள் தெளிவாகக் கேட்கின்றன என்று ராமன் காட்டினார். காரணம், தந்தி உட்காரும் குதிரை. கிதாரில் தந்தி ஒரு கூர்மையான விளிம்பில் உட்கார்கிறது. தம்புராவின் குதிரையோ அகலமானது, லேசாக வளைந்தது. ஜீவாளி என்ற நூலை நகர்த்தி நகர்த்தி, தந்தி அந்த வளைவை உரசியும் உரசாமலும் அதிரும்படி செய்கிறார்கள். ஒவ்வொரு அதிர்விலும் குதிரை தந்தியோடு மோதி, மீட்டல் தராத மேற்சுரங்களை உண்டாக்குகிறது. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாகக் கேட்பதைக் கச்சேரி ரசிகர்கள் சிலாகிப்பார்கள். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் விகிதம் பிசகினால் பொறியாளர் அதை டிஸ்டார்ஷன் என்பார். அந்தக் கணக்கில் பார்த்தால் ஜீவாளியும் டிஸ்டார்ஷன் உண்டாக்கும் கருவிதான்.

கிதாரின் ஐந்தாம் தந்தியைத் திறந்து மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். இதை ஷட்ஜம் என்று வைத்துக்கொண்டால், அதன் மடங்குகளாக வரும் மேற்சுரங்களில், அதாவது சீரிசைகளில், இரண்டாவது 220, மேல் ஷட்ஜம். மூன்றாவது 330, பஞ்சமம். நான்காவது மறுபடியும் ஷட்ஜம், ஐந்தாவது 550, தம்புராவில் கேட்ட அதே அந்தர காந்தாரம். இதுவரை எல்லாம் உறவுக்காரர்கள். ஏழாவது 770 ஹெர்ட்ஸில் விழுகிறது. கிதாரின் கைசிகி நிஷாதம் 784, ஆகவே இது கீழே தொங்குகிறது. பதினொன்றாவது 1210. சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவில், எந்த மெட்டிலும் அடங்காமல் நிற்கிறது. ஒரு ஆம்ப் இவற்றில் எவற்றைச் சேர்க்கிறது, எவ்வளவு சேர்க்கிறது என்பதுதான் வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் நடக்கும் வழக்கின் சாரம்.

எந்த ஆம்புக்கும் ஒரு கூரை உண்டு. அதற்குக் கொடுத்திருக்கும் மின்னழுத்தத்தைத் தாண்டி அலை உயர முடியாது. சின்ன ஆம்புகளில் இருக்கும் டிடிஏ2030 போன்ற சில்லுகள் அந்தக் கூரை வரை மிக ஒழுங்காக நடந்துகொள்ளும். வெளியே வரும் அலையை உள்ளே வந்ததோடு ஓயாமல் ஒப்பிட்டுத் திருத்தும் எதிர்ப் பின்னூட்டம் அதில் இருக்கிறது. கூரையைத் தொட்டதும் திருத்த வழியில்லை. அலையின் உச்சி கத்தியால் சீவியது போலத் தட்டையாகிவிடும். அப்படிச் சீவிய மூலைகள் கூராக இருக்க இருக்க ஏழு, ஒன்பது, பதினொன்று என்று உயர்ந்த சீரிசைகள் வலுக்கின்றன. வாசித்தவருக்குக் கரகரப்பு என்று கேட்பது இந்தக் கூட்டம்தான்.

வால்வு வேலை செய்யும் விதம் வேறு. 1904இல் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் இரண்டு முனை வால்வைச் செய்தார். 1906இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் நடுவில் மூன்றாவதாக ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். காற்று நீக்கிய கண்ணாடிக்குள் கேத்தோடு எழுநூறு, எண்ணூறு டிகிரி வரை சூடாகி எலக்ட்ரான்களை உமிழும். எதிரே இருநூறு, முந்நூறு வோல்டில் நிற்கும் தகடு அவற்றை இழுக்கும். இடையில் இருக்கும் வலையில் ஒன்றிரண்டு வோல்ட் ஏறி இறங்கினால் போதும், எலக்ட்ரான் ஓட்டம் முழுவதும் கூடிக் குறையும். கிதார் தரும் சின்னஞ்சிறு மின்னழுத்தம் அந்த வலைக்குத்தான் போகிறது. 1924இல் கிருஷ்ணசாமி செட்டியின் மதராஸ் ரேடியோ கிளப் ஒலிபரப்பியதும், 1930 முதல் மாநகராட்சி ஒலிபரப்பைக் கடற்கரை ஒலிபெருக்கிகளில் ஊர் நின்று கேட்டதும், பிறகு வீடுகளில் இலங்கை வானொலி பாடியதும் இந்தத் தத்துவத்தில்தான்.

இன்றைய கிதார் ஆம்புகளில் முதல் கட்டமாக அநேகமாக எப்போதும் இருப்பது 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன இரட்டை வால்வு. அதை அளவுக்கு மீறித் தள்ளினால் அலையின் ஒரு பக்கம் மெல்ல நசுங்குகிறது, மறுபக்கம் வேறு அளவில் நசுங்குகிறது. இரண்டு பக்கமும் சமமில்லாமல் நசுங்கினால் இரட்டைப்படைச் சீரிசைகள் வரும் என்பது எளிய கணிதம். இன்னும் தள்ளினால் வலையே நேர்மின்னழுத்தத்துக்குப் போய் மின்சாரத்தை உறிஞ்ச ஆரம்பிக்கும். அடுத்த கட்டத்தை இணைக்கும் மின்தேக்கியில் மின்னூட்டம் ஏறி, வால்வு வேலை செய்யும் புள்ளியே நகர்ந்துவிடும். விரல் அழுத்தி மீட்டினால் ஒருவிதமாகவும் தளர்த்தினால் வேறுவிதமாகவும் ஆம்ப் பதில் சொல்வது இதனால்தான். கிதார்காரர்கள் 'கைக்குப் பேசுது' என்றால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

நியூயார்க்கில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்த ரஸல் ஹாம் என்பவர் இதை அளந்து பார்த்து, 1973இல் ஒலிப் பொறியாளர்களின் ஆய்விதழில் வெளியிட்டார். கூரையைத் தாண்டித் தள்ளும்போது வால்வுகளில் இரண்டாம், மூன்றாம் சீரிசைகள் மேலோங்கின. டிரான்சிஸ்டரில் மூன்றாவது முந்தியது. சில்லுகளில் ஒற்றைப்படைச் சீரிசைகள் செங்குத்தாக எகிறின. வால்வு என்றால் இரட்டைப்படை, டிரான்சிஸ்டர் என்றால் ஒற்றைப்படை என்ற கடைப் பேச்சு இந்த மாதிரி அளவீடுகளைச் சுருக்கிச் சுருக்கி வந்ததுதான். அது பாதி உண்மை. பெரிய வால்வு ஆம்புகளின் கடைசிக் கட்டத்தில் வால்வுகள் ஜோடியாக நின்று, ஒன்று தள்ள மற்றொன்று இழுக்கும். அந்த அமைப்பில் கடைசிக் கட்டம் உண்டாக்கும் இரட்டைப்படைச் சீரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இனிமைக்குப் பேர்போன ஐம்பது வாட் ஆம்ப் உறுமும்போது அதில் பெரும்பங்கு ஒற்றைப்படைதான். மூலை எவ்வளவு மழுங்கியிருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

டிஸ்டார்ஷனை ஏற்றிவிட்டு முழுக் கார்டு பிடித்தால் ஏன் எல்லாம் கூழாகிறது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. இரண்டு சுரம் ஒன்றாகப் போனால் நசுங்கிய அலை அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் சேர்த்துத் தரும். ஷட்ஜம் 110, பஞ்சமம் 165 என்றால் கழித்தல் 55, அதாவது கீழ் ஷட்ஜம். கூட்டல் 275, காந்தாரத்தின் குடும்பம். எல்லாம் சுருதியிலேயே இருக்கிறது, கூடவே யாரும் வாசிக்காத ஒரு கனமான அடிச்சுரமும் கிடைக்கிறது. பஞ்சமத்துக்குப் பதில் கிதாரின் காந்தாரத்தை வைத்தால் 138.6. கழித்தல் 28.6. எந்த ஷட்ஜத்தோடும் சேராமல் முறுக்கிக்கொள்ளும். ராக் இசைக்காரர்கள் ஷட்ஜ பஞ்சமத்தை மட்டும் பிடித்துக்கொண்டு உலகைச் சுற்றி வருவதற்கு இந்தக் கழித்தல் கணக்கும் ஒரு காரணம்.

இந்த டிஸ்டார்ஷனை யாரும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை என்பது வேடிக்கை. கலிஃபோர்னியாவின் லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது. அவர் விரும்பியது சுத்தமான, பிசிறில்லாத ஒலி. லண்டனில் வாத்தியக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962இல் ஃபெண்டரின் பேஸ்மேன் ஆம்பை முன்மாதிரியாக வைத்துத் தன் முதல் ஆம்பைச் செய்ய வைத்தார். 1966இல் எரிக் கிளாப்டன் ஜான் மேயாலின் இசைத்தட்டுக்கு வாசித்தபோது, அந்த மார்ஷல் ஆம்பை மேடையில் வைக்கும் அளவுக்குத் திருகிவிட்டு ஸ்டுடியோவை அதிர வைத்தார். ஒலிப்பதிவாளர்கள் நெளிந்தார்கள். அந்த டோன் பிறகு இலக்கணமாகிவிட்டது. இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது கைத்திறனை விட வால்யூம். தன் கூரையைத் தொட்டால்தான் வால்வு ஆம்ப் தன் குணத்தைக் காட்டும்.

தாம்பரத்துச் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பன்னிரண்டு அங்குலக் கிதார் ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 97 டெசிபல் வரும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த வரம்பு பகலில் 55, இரவு பத்து மணிக்கு மேல் 45. சிட்லபாக்கத்திலோ மாடம்பாக்கத்திலோ ஒட்டி ஒட்டிக் கட்டிய அடுக்ககத்தில், ஜன்னலைத் திறந்து வைத்தே வாழும் ஊரில், ஐம்பது வாட் ஆம்பை எங்கே கொண்டுபோய்த் திருகுவது? காது விஷயத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வாட் பத்து மடங்காக வேண்டும். ஐம்பது வாட்டுக்குப் பதில் ஐந்து வாட் வாங்கினால் காதுக்குப் பாதிதான் குறைகிறது. அரை வாட்டுக்கு இறங்கினாலும் கால் பங்கு மிச்சம். ஐந்து வாட் கொண்ட குட்டி ஆம்ப் முழு மூச்சில் நூறு டெசிபலைத் தாண்டும், மேல்வீட்டுக்காரர் இறங்கி வர அது தாராளம். வீட்டில் வாசிக்க ஒரு வாட், இரண்டு வாட் ஆம்ப் போதும். சின்ன மேடையில் அதன் முன்னால் ஒரு மைக்கை வைத்துவிட்டால் மிச்சத்தை மைக் செட்காரர் பார்த்துக்கொள்வார்.

சின்ன ஆம்பில் இன்னொரு லாபமும் உண்டு. ஃபெண்டரின் சேம்ப் போன்ற ஐந்து வாட் ஆம்பில் கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு வால்வுதான். ஜோடி இல்லாததால் இரட்டைப்படைச் சீரிசைகளை அழிக்க ஆளில்லை. கடைப் பேச்சில் சொல்லும் 'வால்வின் இனிமை' முழு உண்மையாவது இந்த ஏழை ரகத்தில்தான். 1970இல் கிளாப்டன் 'லைலா' இசைத்தட்டுக்கு இந்தச் சின்னப் பெட்டியைத்தான் பயன்படுத்தினார்.

பெரிய ஆம்பை வாங்கிவிட்டு மாஸ்டர் வால்யூமைக் குறைத்து வாசிக்கிறவர்களும் உண்டு. அப்போது நசுங்குவது முதல் கட்டம் மட்டும். கடைசிக் கட்ட வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் தூங்கிக்கொண்டிருக்கும். கொடுத்த காசில் பாதி வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

டிஸ்டார்ஷனே இல்லாமல் வாசித்தாலும் வால்வு ஆம்ப் வேறாகக் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைப் பலரும் பேசுவதில்லை. ஸ்பீக்கரின் மேல் எட்டு ஓம் என்று எழுதியிருந்தாலும் அந்த எண் எல்லா அதிர்வெண்ணிலும் நிலையாக இருப்பதில்லை. கீழே நூறு ஹெர்ட்ஸை ஒட்டி அது பல மடங்கு ஏறும், மேலே போகப் போக மறுபடியும் ஏறும். டிரான்சிஸ்டர் ஆம்ப் இதை லட்சியம் செய்யாமல் ஒரே மின்னழுத்தத்தைக் கொடுத்து ஸ்பீக்கரைக் கடிவாளம் போட்டுப் பிடிக்கும். வால்வு ஆம்பின் பிடி தளர்வானது. ஓம் ஏறிய இடங்களில் மின்னழுத்தமும் ஏறுவதால் அடியில் ஒரு முட்டும் மேலே ஒரு பளபளப்பும் கூடும். புத்திசாலித்தனமான டிரான்சிஸ்டர் ஆம்புகள் சில, பின்னூட்டத்தை மாற்றி அமைத்து இதைப் போலச் செய்கின்றன. பி.பி. கிங் பல வருஷம் டிரான்சிஸ்டர் ஆம்பில் வாசித்தார், 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 சுத்தமான டோனுக்கு இன்றும் அளவுகோல். டிரான்சிஸ்டர் என்றாலே உயிரில்லை என்கிறவர்களிடம் இந்த இரண்டையும் நினைவூட்டலாம்.

கர்நாடக இசையைக் கிதாரில் வாசிப்பவர் வால்வுக்கு மாறுவது தேவையா? ஐஐடி மெட்ராஸில் கப்பல் வடிவமைப்புப் பொறியியல் படித்த பிரசன்னா போன்றவர்கள் கமகங்களை எலெக்ட்ரிக் கிதாரில் கொண்டுவந்திருக்கிறார்கள். தந்தியை இழுத்து இழுத்து ஒரே மீட்டில் பல சுரம் காட்டும்போது ஒலி நடுவில் தேய்ந்துபோவதுதான் பெரிய தொல்லை. நசுங்கத் தொடங்கும் விளிம்பில் நிற்கும் வால்வு, பலத்த தொடக்கத்தை அமுக்கி, தேயும் வாலைத் தூக்கிக் காட்டும். கரகரப்பு கேட்காத அளவிலேயே இந்த உதவி கிடைத்துவிடும். ஒற்றைச் சுரமாக நகரும் இசையில் அந்தக் கூட்டல் கழித்தல் தொல்லையும் இல்லை. ராக் கிதார்காரரை விடக் கமகக்காரருக்கே இது அதிகம் பயன்படும் என்று வாதாட இடமுண்டு.

இனி கரண்ட் சமாசாரம். வால்வின் சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட் வேண்டும், பத்து சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. கோடை இரவில் தெருவெல்லாம் ஏ.சி. ஓடி, 230 வோல்ட் 195க்கு இறங்கினால் இழைக்கு 5.3 வோல்ட்தான் கிடைக்கும். தகட்டின் மின்னழுத்தமும் சேர்ந்து இறங்கி ஆம்ப் சீக்கிரமே நசுங்கும். எடி வான் ஹேலன் தன் மார்ஷலுக்கு வேரியாக் வைத்து மின்னழுத்தத்தைக் குறைத்துப் புகழ்பெற்ற டோனை எடுத்தார். புறநகர் லோ வோல்டேஜ் அதை இலவசமாகத் தருகிறது என்று சிரிக்கலாம், ஆனால் தொடர்ந்து இப்படி ஓட்டினால் கேத்தோடு கெடும். ஸ்டெபிலைசர் வாங்குவது நல்லது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்புக்குத் தகுந்த ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் கட்டாயம். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் அலை ரகமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் சூடு. நான்கு இஎல்84 வால்வுகள் கொண்ட வாக்ஸ் ஏசி30 போன்ற ஆம்பில் இழைகளுக்கு மட்டும் 19 வாட் போகும், தகடுகளில் இன்னொரு 48 வாட் வரை வெப்பமாகும். ஸ்பீக்கருக்குப் போன மின்சாரத்திலும் ஏறத்தாழ மூன்று சதவீதம்தான் ஒலியாகிறது. கத்திரி வெயிலில் மின்விசிறி மட்டும் உள்ள மொட்டை மாடி அறையில் இது சின்ன விஷயமில்லை.

பீட்டில்ஸ் வாசித்த வாக்ஸ் ஆம்பில் இருந்த அதே இஎல்84தான் நம் தாத்தாக்களின் பெரிய ரக வால்வு ரேடியோக்கள் பலவற்றிலும் கடைசிக் கட்டத்தில் இருந்தது. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோ வால்வுகள் செய்யத் தொடங்கியது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தார்ப்பாய் மேல் பரப்பிய பழைய ரேடியோ, மிக்ஸி மோட்டார், போன் சார்ஜர் குவியலில் அந்தத் தலைமுறையின் மிச்சம் எப்போதாவது தட்டுப்படும். வாங்குமுன் வால்வின் உச்சியைப் பார்க்க வேண்டும். அதன் உட்புறம் முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு பேரியப் பூச்சு இருக்கும். உள்ளே மிஞ்சிய வாயுவை உறிஞ்சுவது அதன் வேலை. அது பால் போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்துவிட்டது. பளபளப்பு இருந்தால் மட்டும் உயிர் இருக்கிறது என்று உறுதி கிடையாது, கேத்தோடு தேய்ந்திருக்கலாம்.

புது வால்வுகள் இன்று பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வருகின்றன. 2022இல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்ய ஏற்றுமதி தடைப்பட்டபோது உலகம் முழுக்க விலை எகிறியது.

பழைய ஆம்ப் வாங்குகிறவர்கள் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 டிசம்பர் வெள்ளம் புகுந்த வீடுகளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரில் நின்ற டிரான்ஸ்ஃபார்மர் வெளியே உலர்ந்து தெரிந்தாலும் உள்ளே காப்பு கெட்டிருக்கும். பின்பலகையைக் கழற்றித் துரு, சேற்றுக் கோடு இரண்டையும் தேடலாம். உள்ளே கை வைப்பது வேறு விஷயம். முந்நூறு, நானூறு வோல்டில் ஏறிய மின்தேக்கிகள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னூட்டம் வைத்திருக்கும். சுவரில் எர்த் சரியாக இல்லாத பழைய வீடானால் முதல் செலவு எலெக்ட்ரீஷியனுக்கு. ஸ்பீக்கர் ஒயரைச் செருகாமல் வால்வு ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். டிரான்சிஸ்டர் ஆம்பில் பழகியவர்கள் அதிகம் செய்யும் தவறு இது.

கடைசிக் கட்ட வால்வை மாற்றும்போது பெரிய ஆம்புகள் பலவற்றில் ஓய்வு மின்னோட்டத்தை அளந்து சரிசெய்ய மெக்கானிக் வேண்டும். ரிச்சி தெருவில் எதையும் பழுது பார்ப்பார்கள், ஆனால் வால்வில் கைப்பழக்கம் உள்ளவர் குறைந்துகொண்டே வருகிறார்கள். சின்ன ஆம்புகளில் பெரும்பாலும் வால்வு தன் மின்னோட்டத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் சுற்று இருக்கிறது, பழையதை உருவிப் புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. முதல் கட்ட 12ஏஎக்ஸ்7 எந்த ஆம்பிலும் அப்படித்தான். ஆம்ப் ஓடும்போது பென்சிலின் மர முனையால் ஒவ்வொன்றையும் லேசாகத் தட்டிப் பார்க்கலாம். எதைத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடிப்பது போலக் கணீரென்று கேட்கிறதோ, அதை ஆறவிட்டு மாற்றினால் போதும்.